கோயர், காப்ரா, பூனாக்

மாலை மூன்று இருபதுக்கு, கடியப்பட்டணம் என்கிற கடலோர ஊரில் ஒரு குருசடிக் கோயிலுக்கு முன்னால் நின்றுகொண்டு, என் மகள் அங்கே இல்லை என்பதைப் பார்த்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த நொடியில் நான் கையைத் திருப்பிக் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஏன் கடலைப் பார்க்கவில்லை, ஏன் தெருவைப் பார்க்கவில்லை என்று பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். டெக்சாஸில் பல வருடம் இருந்தவளுக்கு எது தவறிப்போனாலும் முதலில் மணி பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அங்கே யாராவது ஒருவர் கையில் பேனாவுடன் வந்து "எத்தனை மணிக்கு?" என்று கட்டாயம் கேட்பார், பதில் தயாராக இருக்க வேண்டும். கடியப்பட்டணத்தில் அதை யாரும் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டார்கள். அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊரிலிருந்து திரும்பிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. இப்போதும் கார் சாவியைக் காணோம் என்றால்கூட வாசலுக்கு ஓடிப்போய் மகளைக் கூப்பிடுகிறேன். அதே நேரத்தில் அடுப்புக்கு முன்னால் தனியாக நின்று சிரித்துக்கொண்டும் இருக்கிறேன். என் கணவர் ஈரோட்டுக்காரர். நிதானமாகப் பேசுகிறவர், அதைவிட நிதானமாகக் கேட்கிறவர். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னபோது "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "சரி, இதுல இவ்வளவு பயப்பட என்ன இருக்கு?" என்றார். இரண்டு கேள்விக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களும் படிக்கலாம், என்னைப்போல விடுமுறைக்கு விடுமுறை பெட்டியை எடைபோட்டுக் கட்டுகிறவர்களும் படிக்கலாம்.

டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் வீட்டில் காலை உணவு வேளையில் ஒரு பெண் பேசுவாள். டேப்லெட்டுக்குள் இருக்கிறவள். எந்த ஊர்க்காரி என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது. "காப்ரா" என்பாள். என் மகள் இனியா, பன்னிரண்டு வயது, கண்ணை மூடிக்கொண்டு "எந்த மொழி?" என்று கேட்பாள். "மலையாளம், போர்த்துக்கீசியம் வழியாக." "பொருள்?" "தேங்காயின் காய்ந்த மாமிசம்." இனியா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி முடிப்பாள், உள்ளே இருப்பவள் ஒரு மணியடித்துப் பாராட்டுவாள். இத்தனையும் நடக்கும்போது இனியாவின் தட்டில் இட்லிக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சட்னி இருக்கும். முதல் தடவை அந்தச் சொல் வந்த அன்று அவள் கண்ணைத் திறந்து, "அம்மா, தேங்காய்ல மீட் இருக்கா? அப்ப ரகு அங்கிள் சாப்பிடலாமா?" என்று கேட்டாள். ரகு எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், முட்டைகூடத் தொடாதவர். அது கொப்பரைடி என்றேன். கொப்பரை என்றால் என்ன என்றாள். தேங்காயை உடைத்து வெயிலில் காயவைத்து, என்று கையை விரித்து விளக்கினேன். புர்கினா ஃபாசோவின் தலைநகரம் வாகடூகு என்று சொன்னபோது எவ்வளவு மரியாதையாகத் தலையசைத்தாளோ, அதே அளவுக்கு இதற்கும் தலையசைத்தாள்.

அவளுடைய பள்ளியில் வருடாவருடம் சொற்போட்டி நடக்கும். ஆங்கிலச் சொற்களை மேடையில் நின்று எழுத்துப் பிசகாமல் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க அதற்கு ஸ்பெல்லிங் என்று தொடங்கும் ஒரு பெயர் உண்டு, தக்கலையில் என் தம்பி சுரேஷ் வீட்டில் மட்டும் அந்தப் பெயரை முழுதாகச் சொல்ல முடியாது, இரண்டாவது சொல் வந்ததும் அவன் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிக்கிறார்கள். இந்த வருடம் அரிய அயல்மொழிச் சொற்களும் அயல்நாட்டு ஊர்ப்பெயர்களும் என்று ஒரு பிரிவைச் சேர்த்திருந்தார்கள். வீடே ஆடிப்போய்விட்டது. மிக்ஸியில் மாவை ஓடவிட்டுக்கொண்டே நான் டெகுசிகால்பா என்று கத்துவேன், மாடியிலிருந்து எழுத்துகள் இறங்கி வரும். துணி மடிக்கும்போது அன்டனனரிவோ. சிக்னலில் நிற்கும்போது ரெய்க்யவிக். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒவ்வொன்றாக நம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கட்டுமரம் கேட்டமரேனாக வந்தது, கயிறு கோயராக வந்தது, தேக்கு வந்தது, சுருட்டு, கஞ்சி, வெற்றிலை, முருங்கை எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்தன. எங்கள் மாவட்டத்தில் பலாவைச் சக்கை என்போம். அந்தச் சக்கைதான் கப்பலேறி ஜாக் ஆகியிருக்கிறது என்று தெரிந்த அன்று வேலைக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன். புண்ணாக்கு பூனாக் என்று வந்தபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் ஊர்ப்பெயர் வரிசையில் கேப் காமரின் வந்தது, நம் கன்னியாகுமரி. "இது எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். "எனக்க ஊருல்லா அது" என்றேன். இனியா திடுக்கிட்டாள். நான் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கணவரின் கொங்குத் தமிழும் என்னுடைய தமிழும் மோதிக்கொள்ள வேண்டாமென்று வீட்டுக்குள் பொதுவாக ஒரு தமிழைப் பேசிப் பேசி, என்னுடையதை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்திருந்தது.

அதனால் ஜூலை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு திட்டத்தோடு போனேன். கண்ணால் பார்த்த சொல் மறக்காது என்பது என் சித்தாந்தம். முதல் நாள் கடற்கரைப் பக்கம் போய் கட்டுமரம், வருகிற வழியில் கயிறு, பிறகு திங்கள்சந்தையில் ஒரு செக்கு மில்லில் கொப்பரையும் புண்ணாக்கும். மறுநாள் பேச்சிப்பாறை போய்த் தேக்கும் அணைக்கட்டும், அதாவது டீக்கும் அனிகட்டும். சுரேஷ் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். திட்டத்தைக் கேட்டுவிட்டு, "எக்கா, புண்ணாக்கு பாக்க அமெரிக்காவுலருந்து ஆளு வந்திருக்குன்னு வெளிய எங்கயும் சொல்லிராத. நான் இங்க யாவாரம் செய்து பொழைக்கணும்" என்றான். தன்னிடம் இருந்த பழைய போன் ஒன்றை உள்ளூர் சிம்மோடு என்னிடம் கொடுத்துவிட்டு, அன்று அவன் களியக்காவிளைக்குச் சரக்கெடுக்கப் போய்விட்டான். என் டெக்சாஸ் போன் பெட்டிக்குள் அணைந்து கிடந்தது. இனியாவின் போன் வைஃபை இருக்கிற இடத்தில் மட்டும் உயிர்பெறும், மற்ற இடத்தில் அது ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. இருவரும் பஸ் ஏறினோம்.

ஜூலை மாதத்துக் கடலை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. ஆனி ஆடியில் எங்கள் மேற்குக் கடல் கோபமாக இருக்கும், அலை கரைக்கு வந்து அறைந்துவிட்டுத்தான் போகும். ஃபைபர் படகுகளை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு அந்தப் பக்கம் நாலைந்து மரத்தடிகளைச் சேர்த்துக் கட்டிய ஒன்று கிடந்தது, அதன் நிழலில் ஒரு மீனவர் படுத்திருந்தார். இதுதான் என்றேன். இனியா சுற்றி வந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கட்டுமரம் வேறு. தோழியின் பிறந்தநாளுக்கு ஏரியில் போனார்கள், இரட்டை வயிறும் வெள்ளைப் பாயும் கண்ணாடி ஜன்னலும் வைத்த படகு. "இது கேட்டமரேன் இல்லம்மா" என்றாள். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "இது மரம் மக்கா" என்றார். "எங்க ஊர் கேட்டமரேன்ல சோஃபா இருக்கும்" என்று இனியா அவருக்கு விளக்கினாள். அவர் உண்மையாகவே யோசித்தார். "மீன எங்க போடுவாவ?" என்று கேட்டார். அவர் அவளைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தார், நான் படம் எடுத்தேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வெயில் திடீரென்று ஏறியது. இனியா தண்ணீர் கேட்டாள், புட்டி காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு குருசடி. கடற்கரை ஊர்களில் தெருமுனைகளில் இருக்கும் சின்ன ஆலயம் அது. மேலே சிலுவை, கண்ணாடிக்குள் ஒரு புனிதர், முன்னால் மெழுகுதிரி ஏற்ற ஒரு மேடை. குருசு என்ற சொல்லும் கப்பலில் வந்து இறங்கியதுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டு, "இந்த நிழல்ல உக்காரு. அசையாதே" என்றேன். "அடுத்தது கோயர்தானே? அது எங்கம்மா?" என்று கேட்டாள். மணவாளக்குறிச்சிப் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். அதைக் கேட்டால் நான் முழுதும் சொல்லிவிடுவேன், அது என் வியாதி. தண்ணீரும் கடலைமிட்டாயும் வாங்கி வெளியே வந்தபோது கடை வாசலில் ஐஸ் ஏற்றிய வண்டி வழியை மறித்து நின்றது. பக்கத்துச் சந்து வழியாக நடந்து கடலைப் பார்த்து வெளியேறினேன். குருசடி இருந்தது, நிழல் இருந்தது. மணி மூன்று இருபது.

முதலில் அவள் பெயரைச் சாதாரணமாகக் கூப்பிட்டேன். பிறகு கடலைப் பார்த்தேன். அதைப்பற்றி அதிகம் எழுத முடியவில்லை. ஒவ்வொரு அலையும் திரும்பிப் போகும்போது எதையோ இழுத்துக்கொண்டு போவதுபோலவே இருக்கும், அதை மட்டும் சொல்கிறேன். என் குரலைக் கேட்டு இரண்டு மூன்று பெண்கள் வீடுகளிலிருந்து வந்தார்கள். "பிள்ளைய எங்க விட்டீங்க?" "குருசடியில." "எந்தக் குருசடி?" "இந்தக் குருசடிதான்." "இதுவா? எந்தப் புனிதருக்க குருசடின்னு பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. வெள்ளையாக இருந்தது, மேலே சிலுவை இருந்தது, கடலைப் பார்த்து இருந்தது என்றேன். "எல்லாம் வெள்ளதான், எல்லாம் கடலப் பாத்துதான்" என்று ஒருத்தி சொன்னாள். கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே பிறந்தவள் நான். அங்கே நாங்கள் சுடலைமாடனையும் இசக்கியம்மனையும் பின்பக்கம் பார்த்தே சொல்வோம். கடற்கரைக்காரர்களின் புனிதர்கள் எனக்கு எல்லாரும் ஒரே தாடியோடு ஒரே அங்கியோடு ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களாகத்தான் தெரிந்தார்கள். இதே இடம்தான், எனக்குக் கண் தெரியும் என்று கோபமாகச் சொல்லிவிட்டேன். அப்போது தெருமுனையிலிருந்து ஒரு கிழவர், ஒரு சின்னப் பெண் ஆட்டோவில் ஏறி மணவாளக்குறிச்சி ரோட்டில் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு போதும். இனியா எந்த வரிசையையும் பாதியில் விட்டவள் இல்லை. அடுத்தது கோயர். அவள் கோயருக்குப் போய்விட்டாள்.

நான் ஏறிய ஆட்டோவை ஓட்டியவர் பெயர் ஜெரால்டு. சின்ன வயது, முன்கண்ணாடியில் மாதாவும் ஒரு கால்பந்து வீரரும் ஒட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் "மேடம், டென்ஷன் வேண்டாம், சைல்டு கண்டிப்பா கிடைக்கும்" என்று ஆரம்பித்து வழியெல்லாம் அப்படியே பேசினார். நான் தமிழில் கேட்க, அவர் முடிந்தவரை ஆங்கிலத்தில் பதில் சொல்ல, ஒரு மேட்டைக் கடக்கும்போது திரும்பிப் பார்த்து, "நீங்க நல்லா தமிழ் பேசுதீங்க மேடம். எங்க படிச்சீங்க?" என்றார். தக்கலையில் என்றேன். அப்படியா, அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கிற டியூஷன் இருக்கிறதா என்று கேட்டார். இதையெல்லாம் திருத்த அப்போது எனக்குத் தெம்பு இல்லை. சுரேஷுக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. கணவருக்கு அடிக்க எடுத்த போனைக் கீழே வைத்தேன். அவருக்கு அங்கே விடிந்திருக்காது. எழுப்பி என்ன சொல்வது? நம் மகள் ஒரு சொல்லைப் பார்க்கப் போய்க் காணாமல் போய்விட்டாள் என்றா?

இனியா ஐந்து வயதில் ஒருமுறை தொலைந்திருக்கிறாள். டாலஸில் ஒரு பெரிய கடை, ஒரு ஊரையே உள்ளே வைக்கலாம். நான் ஒரு ஊழியரிடம் சொன்னதும் ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு குறியீட்டுச் சொல்லைச் சொன்னார்கள். அடுத்த நொடி எல்லாக் கதவும் மூடியது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நின்றார். தள்ளுவண்டிகள் நின்றன, ஆட்கள் அவரவர் இடத்தில் நின்றார்கள், குழந்தைகளைக்கூடச் சத்தம்போடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்த அமைதியில் எங்கோ செருப்பு வரிசைக்குப் பின்னால் இனியா பாட்டுப் பாடுவது கேட்டது. அன்றிலிருந்து வீட்டில் ஒரு விதி, அவள் பள்ளியிலும் அதையே சொல்லிக் கொடுத்தார்கள்: தொலைந்தவர் அசையக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், தேடுகிறவர் வந்து சேருவார். கடியப்பட்டணத்தில் நடந்ததோ நேர்மாறு. நான் பிள்ளையைக் காணோம் என்று சொன்னவுடன் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் நடக்க ஆரம்பித்தார்கள். தூங்கியவர் எழுந்தார். சைக்கிள்கள் நாலு பக்கமும் போயின. ஆட்டோவிலிருந்து திரும்பிப் பார்த்தபோது ஊரே ஏதோ திருவிழாவுக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. அது எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை. கதவை மூடுங்கள், யாரும் அசையாதீர்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கடலுக்கு எந்தக் கதவை மூடுவது?

மணவாளக்குறிச்சிக்கு முன்னால் தென்னந்தோப்புக்குள் ஒரு கயிற்றுக் களம். பெண்கள் தேங்காய் நாரைத் திரித்துக்கொண்டிருந்தார்கள், அவித்த மண்போல ஒரு வாசனை. மஞ்சள் சட்டை போட்ட பிள்ளை வந்தாளா, கயிறு பார்க்க வேண்டும் என்று கேட்டாளா என்றேன். வரவில்லை. கயிறு பார்க்க ஒரு பிள்ளை என்னத்துக்கு வரும் என்று அவர்களுக்குப் புரியவில்லை. மூச்சு வாங்க விளக்கினேன். நடுவில் இருந்த ஒருத்தி கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, "அப்ப கயிறுக்கு இங்கிலீசுலயும் கயிறுதானா?" என்றாள். ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். "பின்ன என்ன எளவுக்கு பிள்ளையள வேன் வச்சு கான்வென்டுக்கு அனுப்புகோம்?" என்று அவள் பக்கத்தில் இருந்தவளைக் கேட்க, களமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்று, என்னைப் பிடித்து ஒரு நார்மூட்டையின்மேல் உட்காரவைத்து, "இரி மக்கா, கொறச்சு வெள்ளம் குடி" என்று செம்பை நீட்டினார்கள். தண்ணீரை வெள்ளம் என்று சொல்லி யாரும் எனக்குக் கொடுத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. குடிக்காமல் விடமாட்டார்கள் என்று தெரிந்து குடித்தேன். அவர்களில் ஒருத்தி ஜெரால்டிடம், ஆளைப் பார்த்தால் வெயில் தாங்காதவள்போல இருக்கிறாள், பைய ஓட்டு என்றாள்.

அடுத்த சொல் காப்ரா. பைத்தியம்தான், இப்போது எழுதும்போது தெரிகிறது. ஜெரால்டு கடற்கரைக்கே திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை சொன்னார். நான் கேட்கவில்லை. என் மகளை எனக்குத் தெரியும், அவள் வரிசைப்படிதான் போவாள் என்றேன். திங்கள்சந்தை மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றம் முழுக்கக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கறுத்து வளைந்து, ஆயிரம் காதுகள் வானத்தைப் பார்த்துக் கிடப்பதுபோல. மில் முதலாளி வெள்ளை வேட்டியும் நெற்றியில் நாமமுமாக வெளியே வந்தார். ஐயாவழி என்கிற எங்கள் மாவட்டத்துச் சமயத்தைச் சேர்ந்தவர், மென்மையான குரல். என்ன வேணும் அம்மா என்றார். ஒரு பிள்ளை புண்ணாக்கு பார்க்க வந்தாளா என்று கேட்டேன். அவர் என்னையும் பார்த்து, ஜெரால்டையும் பார்த்தார். ஜெரால்டு கண்ணால் ஏதோ சொன்னார். "புண்ணாக்கு எவ்வளவு வேணும்னாலும் பாக்கலாம். மொதல்ல உக்காருங்கோ" என்றார் அவர், வலிப்பு வந்தவரிடம் பேசுவதுபோல. நான் உட்காரவில்லை. அது இங்கிலீஷ் அகராதியில் இருக்கிறது, பூனாக், போட்டிக்கு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "அப்பிடியா?" என்றார். "மாடு திங்கதையும் விட்டுவைக்கல்லியா அவனுவ."

அப்போது ஜெரால்டின் போன் அடித்தது. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். "ஆமா. ஆமா, எனக்க வண்டியிலதான். கண்ணாடி போட்ட ஆளு, நீலச் சுடிதாரு. ஆமா, அமெரிக்கா. இல்ல, நல்லா தமிழ் பேசுகாவ. எப்பம்? எங்க? ஓ." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "மேடம், நீங்க போய் நின்னது சூசையப்பர் குருசடி. பிள்ளைய விட்டது அந்தோணியார் குருசடி. அதுக்கு அடுத்த தெரு. சைல்டு அங்கயே இருந்திருக்கு." அங்கேயே இருந்திருக்கிறாள். நான் காட்டிய நிழலில், விதிப்படி, அசையாமல். கிழவர் பார்த்த ஆட்டோவில் போனது வேறு யாரோ பிள்ளை. நான் அடுத்த தெருவில் நின்று அலறியது அலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அம்மா வரவில்லை என்று ஆனதும் பக்கத்து வீட்டில் இருந்த பிலோமினா என்கிற மீன் விற்கும் பெண்ணிடம் இனியா சொன்னாளாம், எங்க அம்மா தொலைந்துவிட்டார் என்று. அதற்குப் பிறகு அந்தத் தெரு என்னைத் தேடக் கிளம்பியிருக்கிறது. இந்தத் தெரு இனியாவைத் தேட, அந்தத் தெரு என்னைத் தேட, இரண்டு கூட்டமும் கடையின் முன்னால் ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் சந்தித்துக்கொள்ளும்வரை யாருக்கும் விஷயம் தெரியவில்லை. இனியாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் டெக்சாஸ் எண் மட்டும்தான். பிலோமினாவின் மகன் கத்தாரில் இருப்பதால் வெளிநாட்டுக்குப் பேசுகிற வசதி அவள் போனில் இருந்தது. அதில் அடித்திருக்கிறார்கள். பெட்டிக்குள் அணைந்து கிடந்த போனிலிருந்து, செய்தி விட்டுச் செல்லுங்கள் என்று நான் பதிவுசெய்து வைத்த குரல் ஆங்கிலத்தில் பேசியிருக்கிறது. பிலோமினா அந்தக் குரலோடு வெகுநேரம் சண்டை போட்டாளாம்.

"மீன் வண்டி சந்தைக்குத்தான் வருகு. பிள்ளைய அதுல கொண்டுவாறாவ. நீங்க இங்கேயே நில்லுங்க மேடம்" என்றார் ஜெரால்டு. மில் முதலாளியும் சொன்னார், "ஆமா, நீங்க அசையண்டாம்." கொப்பரைக்கு நடுவே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அப்போதுதான் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கிறுக்குச் சந்தோஷம் வந்தது. எண்ணெய் மணம், இயந்திரச் சத்தம், வெயில் சாய்ந்து கொப்பரையெல்லாம் பொன்னாக மின்னுகிறது. ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன், அப்படி ஒரு தித்திப்பு. சாயா வந்தது. முதலாளி ஒரு தட்டில் புண்ணாக்கை வைத்துக் கொண்டுவந்து, "பாத்துக்கிடுங்கோ" என்று மரியாதையாக முன்னால் வைத்தார், அதையும் பார்த்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கணவர் கூப்பிட்டார். அங்கே அப்போதுதான் எழுந்து காபி போட்டுக்கொண்டிருக்கிறார். "என்ன, வேர்ட்ஸெல்லாம் பார்த்தாச்சா?" என்றார். எல்லாம் பார்த்தாச்சு, ஒன்று விடாமல் பார்த்தாச்சு என்றேன். "இனியா என்ன சொன்னா?" "வந்துட்டு இருக்கா. வந்ததும் கேக்கணும்." உன் குரல் ஏன் ஒரு மாதிரி பாடுகிறது என்று கேட்டார். ஊருக்கு வந்தால் அப்படித்தான் என்று வைத்துவிட்டேன்.

வண்டி வந்தது. சின்ன சரக்கு ஆட்டோ. பின்னால் மீன் பெட்டிகள், முன்னால் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் பிலோமினா, அவள் மடியில் பாதியும் இருக்கையில் பாதியுமாக என் மகள். தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கமாக இரட்டைச் சடை பின்னியிருந்தார்கள். மஞ்சள் சட்டையில் மீன்குழம்பு. கன்னத்தில் ஒரு செதில் ஒட்டி மினுங்கியது. கையில் பாதி தின்ற சக்கைச்சுளை. அழுததற்கான அடையாளம் எதுவும் இல்லை. நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டு தட்டினாள், சின்னப் பிள்ளையைத் தட்டுவதுபோல. பிலோமினா பைய இறங்கி, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இதா மக்கா ஒனக்க அம்மை?" என்று இனியாவிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "ஏட்டி, பிள்ளைய நிக்கச் சொன்ன எடத்துக்கு நீ திரும்பி வரண்டாமா? ஊருல உள்ள ஆம்பிளையளு பூரா ஒன்னத் தேடி அலையுகாவ. போனு போட்டா இங்கிலீசுல என்னத்தையோ சொல்லிட்டு வச்சுப்போடுக. நான் எம்புட்டு நேரம் கத்துகேன், ஒரு வார்த்த பதிலு சொன்னியா? படிச்சவளாட்டி நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் இனியா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, ஒரு கையால் என்னைப் பின்னால் தள்ளி, மறுகையால் பிலோமினாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசாதீங்க மாமி," என்றாள். "எனக்க அம்மை பாவம். இந்த ஊருக்குப் புதுசுல்லா."